பாட்டிமாரை ஒதுக்கிவிட்டு நம் பிள்ளைகளின் சுகத்தைப் பேச முடியாது

(ஹட்டனில் நடந்த மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தோட்டக் கமிட்டித் தலைவர்மாரே, மாதர் சங்கத் தலைவிமாரே, கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து நேரே வந்திருக்கும் அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்வரிசையில் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாயிமாரே, அப்பாயிமாரே,

இன்றைய பேச்சு அந்தப் பின்வரிசையைப் பற்றியது. சங்கக் கூட்டத்தில் சம்பளம் பேசுகிறோம், வீடு பேசுகிறோம், காணி பேசுகிறோம். பிள்ளைகளின் சுகத்தைப் பேசும்போது தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். ஆனால் நம் லயங்களில் பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பது யார்? அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டும் என்பதுதான் நாங்கள் இன்று சொல்ல வந்த விஷயம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடிந்தும் விடியாமலும் தாய் பெரட்டுக்குப் போகிறாள். கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. இடையில் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுவதும், மூக்கைத் துடைப்பதும், தூங்க வைப்பதும் பாட்டி. காய்ச்சல் என்றால் நெற்றியில் முதலில் படுவது பாட்டியின் கை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதா, இன்னும் ஒரு நாள் பார்ப்பதா என்று தீர்மானிப்பதும் பல வீடுகளில் அவர்தான். தாய் கொழும்பில் வீட்டு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருந்தால் கேட்கவே வேண்டாம், பாட்டிதான் தாய். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தால் யார் வருகிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள். பாதிப் பேர் பாட்டிமார்.

ஆனால் சுகாதார வகுப்பு நடந்தால் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே அழைப்பு. தாய் அங்கே பத்து விஷயம் கேட்டுக்கொண்டு வருகிறாள். வீட்டில் மாமியார், "நாலு பிள்ளையப் பெத்து வளத்தவ நானு, எனக்குத் தெரியாததா" என்கிறார். அத்தோடு வகுப்பு முடிந்தது. இருபது வயது மருமகளால் அதற்கு மேல் பேச முடியுமா? பேசினால் வீட்டில் சண்டை. இது தாயின் குற்றமும் இல்லை, பாட்டியின் குற்றமும் இல்லை. வகுப்பு நடத்துகிறவர்கள் வீட்டின் பெரிய மனுஷியை விட்டுவிட்டு வகுப்பு நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 2016 ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100 க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் 100 க்கு 32 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை. "நம்ம சனம் குட்டையான சனம்" என்று சிலர் சொல்வார்கள். அது சாக்கு. வயிற்றில் இருக்கும்போது தாய்க்குச் சாப்பாடு போதாமல், பிறந்த பிறகு இரண்டு வயது வரைக்கும் பிள்ளைக்குச் சத்துப் போதாமல், அடிக்கடி வயிற்றாலே போய், சளி பிடித்து வளர்ந்தால் எந்தச் சனத்தின் பிள்ளையும் குட்டையாகத்தான் போகும். உயரம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. படிப்பு ஏறும் சக்தியும் சேர்ந்து போகிறது. காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து பத்து மணிக்கு மேசையில் தலை சாய்க்கும் பிள்ளைகளை நாங்கள் தினமும் வகுப்பில் பார்க்கிறோம்.

சம்பளம் உயராமல், நல்ல தண்ணீரும் மலசலகூடமும் வராமல் இது முழுவதும் தீராது. அதை இந்த மேடையில் திருப்பித் திருப்பிச் சொல்லுவோம். ஆனால் சம்பளம் உயரும் வரைக்கும் பிள்ளை வளராமல் காத்திருக்காது. இருக்கிற காசுக்குள், இருக்கிற கைகளை வைத்துச் செய்யக்கூடியதும் உண்டு. அந்தக் கைகளில் பெரிய கை பாட்டியின் கை.

பாட்டிமார் செய்வதெல்லாம் அறியாமை என்று பேசுகிறவர்களோடு நாங்கள் ஒத்துப்போக மாட்டோம். இன்று அறுபது, அறுபத்தைந்து வயதில் இருப்பவர்கள் 1973, 1974 பஞ்ச காலத்தைப் பிள்ளைப் பருவத்தில் பார்த்தவர்கள். அரிசி இல்லை, மாவுக்கு வரிசை, தோட்டத்தில் வேலை குறைப்பு. பட்டினியால் லயங்களில் செத்தவர்கள் உண்டு, பட்டணத்துத் தெருவில் கையேந்தியவர்கள் உண்டு. ஒரு துண்டு ரொட்டியும் கொஞ்சம் தேத்தண்ணியும் கிடைத்தால் உயிர் தங்கும் என்று அந்தக் காலம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பிள்ளை அழுதால் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டும் பழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. அந்தக் கதைக்கு மரியாதை கொடுத்துவிட்டுத்தான், "அம்மாயி, தேத்தண்ணி சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் ஒட்ட விடாது, இந்தச் சின்னப் பிள்ளைக்கு அது வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். மரியாதையோடு சொன்னால் கேட்கிறார்கள். நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பாட்டிமாரின் பழக்கங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டியவை. பிள்ளை பெற்றவளைப் பாரம் தூக்க விடாமல் ஓய்வாக வைத்திருப்பது. தாய்க்குப் பால் ஊற வேண்டும் என்று பூண்டும் கருவாடும் போட்டுச் சமைத்துக் கொடுப்பது. பிள்ளையைத் தாயின் சூட்டோடு அணைத்து வைக்கச் சொல்வது. தாலாட்டுவது, கதை சொல்வது, முகம் பார்த்துப் பேசுவது. பிள்ளையின் மூளை வளர்வதற்குப் பேச்சும் விளையாட்டும் சாப்பாட்டைப் போலவே வேண்டும் என்று இன்றைக்கு டொக்டர்மார் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் அதைக் கூலி வாங்காமல் செய்து வருகிறார்கள்.

இரண்டாவது, கெடுதலும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை என்றவை. திருஷ்டிப் பொட்டு, இடுப்புக் கயிறு. அதில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. சின்ன விஷயத்தில் சண்டை பிடித்தால் பெரிய விஷயத்தில் பேச்சு எடுபடாது.

மூன்றாவது, மாற்ற வேண்டியவை. பிறந்தவுடன் சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் வைப்பது வேண்டாம். சீம்பால் கெட்ட பால் அல்ல, நோய்க்கு எதிரான முதல் மருந்து அதுதான், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சித் தெளிவு கொடுத்தால் போதாது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாத அளவுக்குக் கெட்டியாகச் சோறு பிசைந்து, பருப்பு, கீரை, கொஞ்சம் தேங்காய்ப்பால், பிறகு இடித்த நெத்தலி, முட்டை என்று சேர்க்க வேண்டும். வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஜீவனி கரைத்துக் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலும் சோறும் தொடர வேண்டும். பாட்டி வைக்கும் அரிசிக் கஞ்சி இங்கே நல்ல துணை.

திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் என்று கொடுப்பது அது. வீட்டில் நாலு பிள்ளை இருந்தால் நாலு பேருக்கும் பங்கு போடுவது பாட்டியின் நியாயம். அந்த மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பங்கு போட்டால் தேவைப்பட்ட பிள்ளைக்கு மருந்தளவு கூடக் கிடைக்காது. இதை அடுப்படியில் நிற்பவருக்குத்தான் விளங்க வைக்க வேண்டும். தாய்க்கு மட்டும் சொல்லிப் பயனில்லை.

இனி, சங்கம் நேரடியாகத் தலையிட வேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றால் 26 வாரம். 1939 ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளிக்குக் கிடைக்கும் லீவு 12 வாரம். அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்னால் போனால், பிறந்த பிறகு மிஞ்சுவது 10 வாரம். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் முழு லீவும் உண்டு, அது நல்ல விஷயம். ஆனாலும் 26 இல் 10 போனால் 16 வாரம். அந்த 16 வாரமும் தாய் மலையில், பிள்ளை பாட்டியின் மடியில் அல்லது பிள்ளை மடுவத்தில். பசித்து அழும் பிள்ளைக்குப் பாட்டி என்ன கொடுப்பார்? தாய்ப்பால் கையில் இல்லை. சீனித் தண்ணீர்தான் இருக்கிறது.

ஆகவே "பாட்டி சீனித் தண்ணீர் கொடுக்கிறார்" என்று குறை சொல்வதற்கு முன்னால், பால் எங்கே என்று கேட்க வேண்டும். அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் பால் கொடுப்பதற்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். வேலை கொடுப்பவர் பிள்ளை மடுவம் வைத்திருந்தால் ஒவ்வொரு இடைவேளையும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வைத்திருக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரத்தை இதில் கழிக்க முடியாது, அது வேறு, இது வேறு.

சட்டம் இப்படி. மலையில் நடப்பது என்ன? தொங்கல் மலையில் கொழுந்தெடுக்கிறவள் இறங்கி மடுவத்துக்கு வந்து திரும்பி ஏறவே அரை மணி நேரம் போய்விடும். திரும்பி வந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்தப் பயத்தில் தாய் போவதே இல்லை. பால் கட்டி, நெஞ்சு வலித்து, மாலையில் வீடு வரும்போது பிள்ளை ரொட்டி தின்று தூங்கிவிட்டிருக்கும். சில வாரத்தில் பால் வற்றிப்போகும்.

இங்கேதான் பாட்டியும் சங்கமும் கைகோக்க முடியும். பாலூட்டும் தாய்மாருக்கு மடுவத்துக்கும் லயத்துக்கும் கிட்டிய மலையைக் கொடுக்கும்படி தோட்டக் கமிட்டி கேட்க வேண்டும். இடைவேளை எடுத்த நாளில் அந்த நேரத்துக்குரிய கிலோவைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று கேட்க வேண்டும். நடக்கக்கூடிய பாட்டி இருக்கும் வீட்டில், அவர் பிள்ளையை மலையடி வரை தூக்கி வந்து தாயிடம் காட்டினால், கங்காணி தடுக்கக் கூடாது. அத்தோடு, தாய் காலையில் சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். நம் மலைநாட்டுக் குளிருக்கு நாலு மணி நேரம் அது கெடாது. பாட்டி அதைப் போத்தலில் அல்ல, கொதிநீரில் கழுவிய சின்னக் கோப்பையாலோ கரண்டியாலோ புகட்டலாம். குடும்ப நல உத்தியோகத்தர் வந்து ஒரு முறை பாட்டிக்குச் செய்து காட்டினால் போதும்.

பாட்டிமாரைச் சேர்த்துக்கொண்டு வெற்றி கண்ட நாடுகள் உண்டு. ஆபிரிக்காவில் செனகல் நாட்டிலும் நம்மைப் போலவே மருமகள் மாமியார் சொல்லைக் கேட்டு நடக்கும் குடும்பங்கள். அங்கே ஜூடி ஓபல் என்ற பெண்மணியும் கூட்டாளிகளும் கிராமத்துப் பாட்டிமாரைக் கூட்டிப் பாட்டும் கதையும் சொல்லி, கதை முடிந்ததும் "இந்த வீட்டில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்" என்று கேட்டார்கள். கட்டளை இல்லை, கலந்துரையாடல் மட்டும். கர்ப்பிணிகளின் வேலையைக் குறைப்பதிலும், நல்ல சாப்பாடு கொடுப்பதிலும், முதல் பாலைக் கொடுப்பதிலும் அந்தக் கிராமங்கள் மற்றக் கிராமங்களை விட முன்னேறின. 2004 இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன முடிவு, பழமையைக் காப்பவர்கள் மாற்றத்துக்கு எதிரிகள் அல்ல என்பது.

சிம்பாப்வே நாட்டில் மனநோய் வைத்தியர் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற வைத்தியர் 2006 இல் ஹராரே நகரத்தின் உம்பாரே பகுதியில், சுகாதார ஊழியராக இருந்த 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்தார். கிளினிக் வாசலில் ஒரு மர வாங்கு. மனம் நொந்தவர்கள் வந்து உட்காருவார்கள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வாங்கில் உட்கார்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு மற்றவர்களை விட நன்றாகவே குறைந்திருந்தது. கடனாலும் குடியாலும் அடி உதையாலும் மனம் உடைந்து தவறான முடிவுக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வாங்கு நம்மிடமும் இருக்கிறது. கோயில் திண்ணை, லயத்து வாசல். கேட்கத் தெரிந்த பாட்டிமாரும் இருக்கிறார்கள். மனம் பேசும் இடம் வேண்டும், பாரதூரமான நிலை என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வழியும் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டியின் சொல் எடுபடும் இன்னொரு இடம் கல்யாணம். சட்டப்படி 18 வயது ஆகாமல் கல்யாணம் இல்லை. ஆனாலும் பிள்ளை சமைந்ததும் பேச்சுத் தொடங்கும் வீடுகள் உண்டு. உடம்பு வளர்ந்து முடியாத பிள்ளை பெறும் பிள்ளை எடை குறைந்து பிறக்கும், குட்டையாக வளரும், அதுவும் ஒரு நாள் தாயாகும். இந்தச் சங்கிலியை அறுக்க ஆசிரியர் பத்துத் தரம் சொல்வதை விட, வீட்டுப் பாட்டி ஒரு தரம் "புள்ள படிக்கட்டும்" என்று சொன்னால் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாட்டிமாரைச் சேர்ப்பது என்றால் அவர்கள் தலையில் இன்னொரு கூடையை ஏற்றுவது அல்ல. நாற்பது வருஷம் மலையில் நின்ற கால்கள் அவை. ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். "வீட்டில் பாட்டி இருக்கிறார்தானே" என்று சொல்லிப் பிள்ளை மடுவத்தைக் கவனிக்காமல் விடவோ, மூடவோ, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரைக் குறைக்கவோ எந்த நிருவாகத்துக்கும் இடம் கொடுக்க மாட்டோம். மடுவமும் வேண்டும், பாட்டியும் வேண்டும். மடுவத்தின் பொறுப்பு நிருவாகத்துடையது, பாட்டி அதற்குத் துணை.

பாட்டியின் சுகத்தையும் பார்க்க வேண்டும். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் சுகவாழ்வு நிலையங்களில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நம் பாட்டிமாரில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? வெத்தலையோடு புகையிலை போடுகிறவர்கள் வாயைக் கட்டாயம் காட்ட வேண்டும். வாயில் வெள்ளையோ சிவப்போ ஆன தழும்பு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். நேரத்தோடு கண்டால் குணப்படுத்தலாம். பேரப்பிள்ளைக்கு விளையாட்டாகப் பாக்குத் துண்டு கொடுப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள், ஆத்தா.

தோட்டக் கமிட்டிகளிடம் நாங்கள் கேட்பது இவைதாம்.

ஒவ்வொரு டிவிஷனிலும் மாதம் ஒரு தரம், சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாம், பாட்டிமார் கூட்டம் நடத்துங்கள். மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ நடத்தலாம். பேச்சுக் கச்சேரி வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். அவர்கள் வளர்த்த விதத்தை முதலில் அவர்களே சொல்லட்டும், பிறகு குடும்ப நல உத்தியோகத்தர் பேசட்டும். அவருக்குத் தமிழ் வராது என்றால் நம் பிள்ளைகளில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். கிளினிக்கில் தமிழில் விளக்கம் கேட்பது நம் உரிமை. அதைச் சுகாதார வைத்திய அதிகாரிக்குச் சங்கம் கடிதமாக எழுத வேண்டும்.

கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கி வரும் பாட்டியிடமும் வளர்ச்சிப் புத்தகத்தைக் காட்டி விளக்க வேண்டும். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். கோடு பச்சையில் மேலே போனால் நல்லது, படுத்தாலோ சிவப்பை நோக்கி இறங்கினாலோ ஆபத்து. இதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடம் போயிருக்கத் தேவையில்லை. நம் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே பாட்டிக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கு நாங்கள் பொறுப்பு.

மாதர் சங்கத்தில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு பாட்டிக்கு இடம் கொடுங்கள். சந்தா கட்டும் காலம் முடிந்துவிட்டது என்று அவர்களை வெளியே விட வேண்டாம். பாலூட்டும் இடைவேளை மறுக்கப்படுகிறது என்றால் அதை முதலில் காண்பது மடுவத்து வாசலில் நிற்கும் பாட்டிதான். அவர் வந்து சொன்னால் கமிட்டி அன்றைக்கே துரையிடம் பேசலாம்.

பாட்டிமாரே, உங்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எங்களையும் வளர்த்தவர்கள் நீங்கள். உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்குச் சொல்லுங்கள், எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் சொல்லுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தயவுசெய்து, முன்வரிசையில் வந்து உட்காருங்கள்.